இணைப்பை நீக்கு

ஜுபைலில் வெள்ளிக்கிழமை.
ஜும்ஆ முடிந்து நைனார் திரும்பியபோது
பதினொன்றாம் அறையில் ஏசி சொட்டிக்கொண்டிருந்தது.
ஆறு கட்டிலுக்கு இரண்டு பிளக்.
ஒன்றில் தேசிங்கின் போன்.
மற்றதில் தன்னுடையதைச் செருகிவிட்டு
அங்கேயே உட்கார்ந்தார் நைனார்.
அரைமணி நேரம் எழ முடியாத இரண்டு பேர்.
சண்டை வராமல் என்ன செய்யும்?

தேசிங்கினது விண்டோஸ் போன், தமாமில் போன வாரம் வாங்கியது.
கட்டம் கட்டமாக ஆட்கள்.
தொடாமலே புரளும் கட்டங்கள்.
மச்சான் எண்ணைத் தொட்டால்
மச்சான் முகம், அவன் போட்ட படங்கள்,
காலையில் யாரைத் திட்டி எழுதினான்,
அதை எத்தனை பேர் விரும்பினார்கள்,
எல்லாம் ஒரே பக்கத்தில்.

'ஒரு ஆளுன்னா ஒரு பக்கம், நைனாரே.
உமக்கு ஃபேஸ்புக் ஒரு கதவு, ட்விட்டர் ஒரு கதவு,
நம்பருக்கு ஒரு கதவு.
சோத்துக்கு ஒரு கடை, கொழம்புக்கு ஒரு கடைன்னு
தட்டத் தூக்கிட்டு அலையுறீரு.'

'தனித்தனிக் கடையா இருந்தாத்தான்
எது ஊசிப்போச்சுன்னு தெரியும்.
நாளைக்கு ஃபேஸ்புக்காரன் எதையாவது மாத்துனா
நீ போன் கம்பெனிக்காரன் வாயப் பாத்துட்டு நிக்கணும்.
என் ஆண்ட்ராய்டுல
ஆப்ப அழிச்சு ஆப்பப் போட்டா முடிஞ்சுது.'

மேல்கட்டிலிலிருந்து பவுல்தாசன் எட்டிப் பார்த்தான்.
'ஐபோன்லயும் இப்ப உள்ளயே...'
'தவணை கட்டி முடிச்சிட்டியா?'
இருவரும் ஒரே குரலில்.
தலை உள்ளே போய்விட்டது.

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.
எந்தக் கட்சி ஜெயித்தாலும்
என் பழைய போனுக்கு ஒன்றுமில்லை.
ஆனாலும் குழாயைச் சிறிதாக்கி வைத்துக்கொண்டேன்,
ஒரு சொல்லும் தவறக் கூடாதென்று.

'எங்க, என் பக்கத்தக் காட்டு' என்றார் நைனார்.
தேசிங்கு தொட்டான்.

வெள்ளை லேண்ட்குரூசரில் சாய்ந்து,
கையில் சாவியோடு, கறுப்புக் கண்ணாடியில் நைனார்.
அருகே வேலை: சூப்பர்வைசர்.
விரலால் ஒரு தள்ளு.
அடுத்தது குறுஞ்செய்திகள்.
'டேங்குக்குள்ள இருக்கேன். வெளிய வந்து பேசுறேன்.'
'சம்பளம் இன்னும் வரல. முந்நூறு ரியால் இருந்தா குடு.'
'இருநூறாவது.'

போன் சொன்னதைச் செய்துவிட்டது.
ஒரு ஆள், ஒரு பக்கம்.

ஏசித் தண்ணீர் வாளியில் விழும் சத்தம்
அப்போதுதான் கேட்டது எனக்கு.

'அது எங்க கம்பெனி வண்டிதான்' என்றார்.
யாரும் கேட்கவில்லை.
பிறகு, சார்ஜர் வயரை விரலில் சுற்றிக்கொண்டே,
'அந்தப் படம் பரங்கிப்பேட்டைக்கு.
பெண்ணுக்கு வரன் பாக்குறாங்க.
இந்த நம்பர் இந்த ரூமுக்கு.
ரெண்டையும் ஏன்டா ஒண்ணாத் தைக்கிறான்?'

தேசிங்கு வாயாடி.
ஒரு வாரமாக இந்த வெற்றிக்குத்தான் அலைந்தான்.
ஒன்றும் சொல்லாமல்
போனைத் திருப்பித் தன் பக்கம் வைத்துக்கொண்டு
அமைப்புக்குள் போனான், வெளியே வந்தான்,
வேறொரு பக்கத்துக்குள் போனான்.
சங்கிலிப் படம் போட்ட ஒரு பொத்தான்.
ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தான்:
இணைப்பை நீக்கு.

'ஆமாவா, இல்லையான்னு கேக்குது.'
'ஆமா போடு.'

லேண்ட்குரூசர் போயிற்று.
கட்டத்தில் வெறும் நீலம், ஒரு பெயர்.

பிறகு அவன் நிறுத்தவில்லை.
மனைவி பெயரைத் திறந்தான்.
வெகுநேரம் பார்த்தான்.
அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.
'அவ போன்ல நான் எப்படித் தெரிவேன்?'
என்று மட்டும் கேட்டான்,
யாரையும் பார்க்காமல்.
'அவளுது எந்த போன்?' என்றார் நைனார்.
'என்னோட பழசு. ஆண்ட்ராய்டு.'
'அப்ப தனித்தனியாத்தான் தெரிவ.'

இருவரும் சிரித்தார்கள்.
பவுல்தாசனும் மேலிருந்து,
எதற்கென்று தெரியாமலே.

அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது.
ஒருவரும் குறை சொல்லவில்லை.
நைனாரின் போன் நூறு சதவீதம் ஏறியிருந்தது,
எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார்.
ஊருக்குப் பேச.